கொல்லையில் இறங்கும் முன்: கடலூர், புதுச்சேரி பக்கம் புதிதாக விவசாயம் தொடங்குகிறவர்களுக்கு

சென்னையிலோ துபாயிலோ பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர் என்று அப்பா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்புகிறவர்கள் இப்போது நிறைய. வந்ததும் கேட்பதெல்லாம் விதை, உரம், விலை. ஆபத்து என்று பேச்சு வந்தால் பாம்பைப் பற்றிக் கேட்பார்கள். பாம்பு முக்கியம்தான். ஆனால் என்னைக் கேட்டால் பயப்பட வேண்டிய முதல் இடம் மோட்டார் கொட்டாய். அடுத்தது பூச்சிமருந்து டப்பா.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து அடிப்பது, பலா மரம் ஏறுவது, கரும்பு வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் நீங்கள் செய்யப்போவதில்லை. கூலிக்கு வருகிறவர்கள் செய்வார்கள். கையுறை வாங்கித் தருவதும், இடி இடிக்கும்போது வேலையை நிறுத்துவதும் நிலத்துக்காரர் கையில்தான் இருக்கிறது. “நாங்க பார்த்துக்கிறோம் சார்” என்று அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்ற பயமும் அந்தப் பதிலில் இருக்கிறது.

1. நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்

உழவு ஓட்டுவதற்கு முன்னால், அந்த நிலத்தில் பல வருஷம் வேலை செய்த ஒரு பெரியவரோடு காலையில் ஒரு சுற்று வாருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தாழத் தொங்கும் மின்கம்பி எங்கே, மின்கம்பத்தின் இழுவைக் கம்பி எங்கே, புல் மூடிக் கிடக்கும் பாழுங்கிணறு எங்கே, கைவிட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) குழி இருக்கிறதா, எந்தப் பனை மரத்தில் கதண்டு (விஷக் குளவி) கூடு கட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கைவிட்ட போர் இருந்தால் அன்றைக்கே மூட வேண்டும். சாக்கைப் போட்டுக் கல்லை வைப்பது மூடுவதாகாது. இரும்பு மூடி போட்டு வெல்டு வையுங்கள், இல்லையென்றால் மண் கொட்டி முழுக்க நிரப்புங்கள். 2019இல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை விழுந்து இறந்தது இப்படிக் கைவிட்ட ஒரு குழியில்தான். கதண்டுக் கூட்டில் பந்தம் பிடித்து வீரம் காட்ட வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் இரவில் வந்து அழித்துக் கொடுப்பார்கள்.

2. மோட்டார் கொட்டாய்

நெய்வேலி, பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் போர் ஆழம். எல்லாம் மும்முனை மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டார்கள். சுவிட்சு போடுகிறவர் வாய்க்காலில் நின்றுவிட்டு ஈரக் காலோடு, ஈரக் கையோடு வருவார். கொட்டாயின் கூரை ஒழுகும். எர்த் கம்பி எப்போதோ அறுந்து போயிருக்கும்.

முதல் மாதத்திலேயே ஒரு நல்ல வயர்மேனைக் கூப்பிட்டு இவற்றைச் செய்துவிடுங்கள். எர்த் குழியைப் புதிதாகப் போடுங்கள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றை வையுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே, நின்று இயக்குவதற்குக் காய்ந்த மரப்பலகையோ ரப்பர் பாயோ போடுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஃபியூஸ் போவது உங்களைக் காப்பாற்றத்தான். ஏன் போகிறது என்று பார்க்க வேண்டுமே தவிர அதன் வாயை அடைக்கக் கூடாது.

புதியவர்கள் கவனிக்காத இடம் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்டு போயிருக்கும், மோட்டார் நின்றிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருப்பார். கரண்டு வரும். ஒயரில் மின்சாரம் பாயும், யாரும் தொடாமலேயே மோட்டாரும் ஓடும். செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் என்றால் இன்னும் மோசம். கொட்டாயில் ஒருவர் வேலை செய்கிறார் என்று தெரியாமல் வீட்டில் இருந்து இன்னொருவர் மோட்டாரைப் போட்டுவிடலாம். ஆகவே ஒரு விதி: பெட்டியில் கை வைக்கும் முன் மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வைப்பதெல்லாம் இல்லை, பையில்தான். வேலை முடிந்து அவரே திரும்பப் போடும் வரை அது வேறு யார் கைக்கும் போகக் கூடாது.

டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனால் லைன்மேன் வரட்டும். மூங்கில் கழியால் தட்டிப் போடத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார், அவரைக் கூப்பிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலுக்கும் பிறகு கம்பிகள் எப்படிக் கிடந்தன என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். கீழே கிடக்கும் கம்பியில் கரண்டு இல்லை என்று பார்வையில் சொல்லவே முடியாது. அறுந்து கிடந்தால் கிட்டே யாரையும் விடாமல் தமிழ்நாட்டுப் பகுதியில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, பேசுங்கள்.

பன்றிக்கும் எலிக்கும் என்று வரப்பில் கம்பி கட்டி நேரடியாகக் கரண்டு விடுவதை யார் யோசனையாகச் சொன்னாலும் செய்யாதீர்கள். அது சட்ட விரோதம். யாராவது இறந்தால் கடுமையான குற்ற வழக்கு வரும். இறப்பது பெரும்பாலும் விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரர்தான், சில சமயம் கம்பி கட்டியவரேதான். சோலார் வேலியில் மின்சாரம் விட்டு விட்டுத் துடிப்பாகப் பாயும். உதறுமே தவிரக் கொல்லாது. வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் தொடாதீர்கள், முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் வேகமாக, அழுத்தமாக அமுக்கிக்கொண்டே 108க்குச் சொல்லுங்கள்.

3. மருந்து அடிக்கும் நாள்

டப்பாவின் லேபிளில் சாய்சதுரமாக ஒரு படம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருளில்லை. கடைக்காரர் சிவப்போ மஞ்சளோ எடுத்துக் கொடுத்தால், நீலத்திலோ பச்சையிலோ இதற்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் இருக்கிறது.

விஷம் மூக்கு வழியாகத்தான் ஏறும் என்று நினைத்து முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். வேலையில் இருக்கும்போது உடம்பில் ஏறுவது பெரும்பாலும் தோல் வழியாக. முதுகில் மாட்டும் டேங்கைத் தூக்கிப் பாருங்கள்: மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், குனியும்போதெல்லாம் கொஞ்சம் கசிந்து முதுகில் இறங்கி, லுங்கியின் இடுப்பு மடிப்பில் தேங்கும். மூன்று மணி நேரம் அந்த ஈரத்தோடு நடக்கிறார். அதே ஈரத் துண்டு முகத்திலும் இருக்கிறது. அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒரு டீக்காசு.

செய்ய வேண்டிய வரிசை இது. முதல் நாளே டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று அடித்துப் பாருங்கள். நாசில் அடைத்தால் குத்திவிட ஒரு பழைய டூத் பிரஷ் வைத்திருங்கள். வாய் வைத்து ஊதுவதை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். கலக்குகிற வேலைதான் அடிப்பதைவிட ஆபத்து, ஏனென்றால் அப்போது கையில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. அதற்கு முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கலக்கக் குச்சி, அளக்கத் தனி மூடி. வீட்டுப் பாத்திரம் எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அடிக்கிறவருக்கு முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், கம் பூட்ஸ். பேண்ட் பூட்சுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற மருந்து பூட்சுக்குள் இறங்கும். காற்றைப் பார்த்து நில்லுங்கள். நம் கடலோரத்தில் ஒரு சங்கடம் உண்டு: காலையில் மேற்கே இருந்து வரும் காற்று, முற்பகல் கழிந்து கடல்காற்று எழும்போது திசை மாறிவிடும். விடியற்காலையில் காற்றுக்கு முதுகு காட்டி அடித்துக்கொண்டிருந்தவர், அதே பக்கம் பார்த்தே அடித்தால் பிறகு தன் முகத்திலேயே அடித்துக்கொள்வார். எனவே ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பது, ஒன்பதரைக்கு முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறினால் யாரும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கவும் மாட்டார்கள்.

நடுவில் பீடி, வெற்றிலை, டீ எதுவும் கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு. அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறப்போடக் கூடாது. காலி டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவைக் குத்தி ஓட்டை போடுங்கள். மண்ணெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் அதை எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மீதி மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பூட்டிய பெட்டி ஒன்று கொட்டாயில் இருக்கட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும். வீட்டில் வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோபத்திலோ துக்கத்திலோ ஒருவர் கைநீட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது.

தலைசுற்றல், வாயில் எச்சில் ஊறுதல், வேர்த்துக் கொட்டுதல், கண் மங்கல், வாந்தி, தசை துடிப்பு. இதில் ஒன்று வந்தாலும் “வெயில்தான்” என்று படுக்கவைக்காதீர்கள். துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவி, டப்பாவையும் கூடவே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து இன்னது என்று தெரிந்தால்தான் டாக்டர் முறிமருந்து கொடுக்க முடியும். வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீரோ மோரோ ஊற்ற வேண்டாம். களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு முறிமருந்தே கிடையாது. அதை வாங்காமல் இருப்பதுதான் என் யோசனை.

4. டிராக்டரும் மெஷினும்

மட்கார்டில் ஆள் உட்காரக் கூடாது. பிள்ளைகளை ஒரு ரவுண்டு என்று ஏற்றவே கூடாது. பின்னால் மண்ணைக் கிளறும் கத்திகளோடு ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் சோகை (காய்ந்த கரும்பு இலை), புல் சுற்றிக்கொண்டால் வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டேன் என்பதெல்லாம் போதாது. டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் சுழல்தண்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை வரும். பாதி வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். வாடகைக்கு வண்டி வந்தால் உறை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். துண்டு, லுங்கி நுனி, புடவைத் தலைப்பு, பின்னல் எது சிக்கினாலும் ஆளையே இழுத்துக்கொள்ளும், கத்த நேரமிருக்காது. பெண்கள் கடலை ஆயும் மெஷின் பக்கம் வேலை செய்தால் புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலைப்பை உள்ளே செருகி, தலைக்குத் துணி கட்டச் சொல்லுங்கள். பலர் ஏற்கெனவே வெயிலுக்காக அப்படித்தான் உடுத்துகிறார்கள்.

சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டால் பின் சக்கரத்துக்குக் கட்டையைக் கட்டி முன்னால் எடுப்பார்கள். சக்கரம் சுற்ற முடியாமல் முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர் மேலேயே வண்டி கவிழ்வது இப்படித்தான். இன்னொரு வண்டியை வரவழைத்து இழுங்கள். உயரமான வரப்பை ஏற வேண்டுமானால் பின்பக்கமாக ஏறுங்கள்.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகும் காலத்தில் ராத்திரியில் டிரெய்லர் ஓட்டுவதென்றால் பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள். கரும்பு வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதால் பின்விளக்கு மறைந்துவிடும். ஒரு பட்டையைக் கரும்பின் நுனியிலேயே துணியோடு கட்டிவிடச் சொல்லுங்கள்.

5. அறுவடைக் காலம்

கரும்பு வெட்டும்போது கத்தி பெரும்பாலும் இடது முழங்காலுக்குக் கீழேதான் பாயும். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கட்டுவது போல ஒரு தடித்த காப்பு கட்டினால் போதும். பழைய டயர் ட்யூபைக் கிழித்துத் தைத்தாலும் ஆகும்.

அதைவிட ஆபத்து கண். கரும்புச் சோகை, நெல் உமி, மக்காச்சோளத் தாள் எது கண்ணில் கீறினாலும் அதோடு பூஞ்சை உள்ளே போகும். முதல் நாள் சின்ன உறுத்தலாக இருக்கும். ஒரு வாரத்தில் கருவிழியில் வெள்ளை விழும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது, மெடிக்கலில் சொல்லி ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்கி விடுவது, இரண்டும் பார்வையைப் பறிக்கும். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ரோட்டில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. முந்நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கிவைத்தால் இந்த ஓட்டமே வேண்டாம்.

பலா மரம் ஏறுவதைப் பண்ருட்டியில் பரம்பரையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே விடுங்கள். பழத்தைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது. கயிறு புதிதாக இருக்க வேண்டும், போன வருஷத்துக் கயிறு வெயிலில் மக்கியிருக்கும். மழை பெய்த அன்று யாரும் ஏற வேண்டாம். முந்திரிக் கிளை சட்டென்று ஒடியும் ஜாதி. அதில் ஏறுவதைவிடக் கீழே விழுந்த பழத்தைப் பொறுக்குவதே வழக்கம், அதுவே நல்லது. கொட்டையை உடைக்கும்போது ஓட்டில் இருந்து வரும் எண்ணெய் கையை வேகவைத்துவிடும். சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். கையுறை வாங்கிக் கொடுங்கள்.

எல்லோருக்கும் ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுவார்கள்.

6. பாம்பு

கழனியில் நெல்லுக்குள் படுத்திருப்பது கண்ணாடி விரியன், பெரும்பாலும் மிதித்தால்தான் கடிக்கும். முழங்கால் வரை வரும் பூட்சும், இரவில் டார்ச்சும், நடக்கும்போது தரையில் தட்டக் கழியும் இருந்தால் பாதிப் பயம் போனது. கட்டுவிரியன் வேறு ரகம். ராத்திரி வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்பார்கள், கண் இமை தூக்க முடியாமல் சொருகும். கொட்டாயில் காவலுக்குப் படுக்கிறவருக்குக் கட்டிலும் கொசுவலையும் கொடுங்கள். வலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருக வேண்டும்.

கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் பலகையோடு கட்டி, படுக்கவைத்துத் தூக்கிப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் டாக்டர் இருக்கிறார், முறிமருந்து இருக்கிறது என்று இந்த வாரமே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். 2024 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்.

7. கிணறு

ரொம்ப நாளாக யாரும் இறங்காத கிணற்றில் தூர் எடுக்க ஒருவரை இறக்காதீர்கள், விஷவாயு தங்கியிருக்கும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். தீயணைப்புக்கு 101, 112 இரண்டில் ஒன்றைக் கூப்பிடுங்கள்.

8. இடியும் வெயிலும்

2025 அக்டோபரில் வேப்பூர் பக்கம் கழுதூரில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். மேகம் கறுக்கும்போது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாதியில் எழுந்து போனால் அரை நாள் கூலிதானே என்று நிற்பார்கள். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இடிக்காக வேலையை நிறுத்தினால் முழுக் கூலி உண்டு. மின்னல் பாதுகாப்பில் இதைவிடப் பெரிய செலவும் இல்லை, இதைவிடப் பெரிய பலனும் இல்லை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் கிளம்ப வேண்டும். பனைக்கடியிலோ முந்திரிக்கடியிலோ ஒதுங்கக் கூடாது. கீற்றுக் கொட்டாயும் காப்பாற்றாது. மெத்தை வீடு (காங்கிரீட் வீடு), இல்லையென்றால் கதவு மூடிய வேனோ காரோ. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். ‘தாமினி’ என்ற இலவச செயலி செல்போனில் இருந்தால், சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். அடிபட்டவர் உடம்பில் கரண்டு இருக்காது. தொட்டு உடனே நெஞ்சை அமுக்கலாம்.

கத்திரி வெயிலில் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடியுங்கள். பானைத் தண்ணீரும் நீர்மோரும் வேலை நடக்கிற இடத்தில் இருக்க வேண்டும், கொட்டாயில் அல்ல. உளறினாலோ, நடை தடுமாறினாலோ நிழலில் படுக்கவைத்துத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

9. சுவரில் எழுதுங்கள், கணக்கு தொடங்குங்கள்

108க்குப் பேசுகிறவர் “எங்க கொல்லை” என்பார். ஆம்புலன்ஸ்காரருக்கு எந்தக் கொல்லை என்று தெரியாது. மோட்டார் கொட்டாய் வெளிச்சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள்: ஊர், மெயின் ரோட்டில் எந்தக் கோயிலையோ பஸ் ஸ்டாப்பையோ தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வண்டி எது வரை வரும், பிறகு 108, மின்னகம், உங்கள் எண். படிக்கத் தெரியாதவரும் இருப்பார் என்பதால் எல்லோரையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.

வழக்கமாக வருகிற ஆட்கள் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் (விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்குமான தமிழ்நாடு அரசுத் திட்டம்) அட்டை வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். கூலியை விட்டுவிட்டு அவர்களாகப் போகமாட்டார்கள். பிரதமரின் சுரக்‌ஷா பீமா காப்பீடு 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். பாம்புக்கடியும் மரத்தில் இருந்து விழுவதும் இதில் அடங்கும், ஆனால் மருத்துவமனைச் சீட்டு வேண்டும். அதனால் நாட்டு வைத்தியரிடம் மட்டும் போய்விட்டுத் திரும்பினால் பணம் வராது. ஜூன் 1 முதல் மே 31 வரைதான் ஒரு வருஷம் என்பதால், மே கடைசி வாரத்தில் அவர்கள் கணக்கில் 20 ரூபாயாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நீங்களே போட்டுவிடுங்கள்.